நாற்பது சொல்லுக்குள்

பிளேஸ்டோ, லண்டன்
12.02.2007

தம்பி சஞ்சயனுக்கு,

சுகம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. போனில் சண்டை பிடிக்க வழியில்லாமல் எழுதுகிறேன். மணி அடித்தால் அம்மா எனக்கு முன்னால் ஓடிப்போய் எடுத்துவிடுகிறார். நான் பேசும்போது பக்கத்துக் கதிரையில் இருந்து என் முகத்தையே பார்க்கிறார். அதனால் நான் வேலைசெய்யும் பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சான்விச்சைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

நேற்று அமெரிக்காவிலிருந்து மாமாவின் மகன் கிருஷாந்த் போன் எடுத்தான். "சஞ்சுவுக்கு சப்மரீன் கிடைச்சிட்டுதாம், சந்தோசம் மச்சாள்" என்றான். நான் தெரிந்தவள் மாதிரி "ஓமோம்" என்று சமாளித்தேன். நல்ல காலம், அம்மா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

அடேய், நேவியில் சேர்ந்தபோது நீ எங்களுக்குச் சொன்னது என்ன? "கப்பலில எஞ்சின் வேலை அக்கா." அம்மா அதை நம்பி, நீ கொடுத்த சாம்பல் நிறக் கப்பல் படத்தைச் சட்டம் போட்டு டிவிக்கு மேல் வைத்திருக்கிறார். வருகிற சனத்துக்கெல்லாம் "இதுக்குள்ளதான் மகன்" என்று விரலால் தொட்டுக் காட்டுகிறார். அந்தக் கப்பலில் நீ ஒருநாளும் கால் வைத்ததில்லையாமே!

கிருஷாந்தும் அமெரிக்க நேவியில் உன்னைப் போல அணு உலை வேலைதான் செய்கிறான். விமானம் இறங்கும் பெரிய கப்பல், ஐயாயிரம் பேர், ஓர் ஊர் மாதிரி என்கிறான். வேலை முடிந்தால் மேலே வந்து வானத்தைப் பார்க்கிறான். ஈமெயில் போடுகிறான். ஞாயிற்றுக்கிழமையில் மாமிக்குப் போன் எடுக்கிறான். வீட்டில் ஏதும் நடந்தால் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்களாம். அதே உலை, அதே படிப்பு. அவன் மேலே, நீ கீழே. ஏன்? உனக்கு என்ன விசரா?

ரஷ்யாக்காரரின் நீர்மூழ்கி கடலடியில் கிடந்ததை டிவியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? அம்மா சோற்றுக் கோப்பையோடு நின்றபடியே பார்த்தார். "உள்ளுக்கை இருக்கிற பிள்ளையளின்ரை தாய்மார் இப்ப என்ன செய்வினம்" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊரைவிட்டு வந்த இரவில், கிளாலிக் கடலேரியில், படகின் அடியில், தார்ப்பாய்க்குக் கீழே, நம் இரண்டு பேரின் வாயையும் பொத்திக்கொண்டு கிடந்த மனுசி அவர். தண்ணீருக்கு மேலே போவதற்கே அவருக்கு இன்னும் நெஞ்சு அடிக்கும். நீ தண்ணீருக்குக் கீழே என்று நான் எப்படிச் சொல்வது?

இன்னொன்று. அம்மாவின் இதயத்தில் வால்வு மாற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கோடையில் திகதி வரும். அந்த நேரம் நீ எங்கே இருப்பாய்?

மேலே ஓடுகிற கப்பலுக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேள். எனக்கு இரவில் நித்திரை இல்லை.

அக்கா
தயாளினி

ஃபாஸ்லேன், ஸ்கொட்லாந்து
24.02.2007

அன்பின் அக்காவுக்கு,

கிருஷாந்தின் வாய்க்குப் பூட்டுத்தான் போடவேண்டும். நான் சொல்லத்தான் இருந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் ஒவ்வொரு கிழமையும் தள்ளிப்போட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அமெரிக்காக்காரரிடம் அணு உலையில் ஓடும் கப்பல் மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. கிருஷாந்துக்கு இரண்டில் ஒன்றைக் கேட்க வழி இருந்தது. இந்த நாட்டில் மேலே ஓடும் கப்பல்கள் எல்லாம் டீசலும் காஸ் டர்பைனும்தான். உலை வைத்திருப்பது நீர்மூழ்கி மட்டும்தான். நான் மேலே வருவதென்றால் உலையை விட்டுவிட்டு வரவேண்டும். கோஸ்போர்ட் பயிற்சிப் பள்ளியில் கண் எரிய எரியப் படித்ததெல்லாம் போய்விடும்.

அதோடு கிருஷாந்த் உங்களுக்கு நல்ல பக்கத்தை மட்டும் காட்டியிருக்கிறான். எனக்குச் சொன்னது வேறு. அவனுடைய உலைப் பகுதியில் மட்டும் சில நூறு பேர். இவன் பெயர் மேலதிகாரிக்கே தெரியாது. வானம் மேலே இருக்கிறதுதான், ஏறிப்போய்ப் பார்க்க நேரமில்லை என்கிறான். அவன் படுக்கும் கட்டிலும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான். துறைமுகத்தில் மற்றவர்கள் ஊர் சுற்றப் போக, உலைக்காரர் உள்ளே காவல். எங்களிடம் மொத்தமே நூற்றுமுப்பது பேர் அளவில்தான். இருமலைக் கேட்டே ஆளைச் சொல்லலாம். கட்டுப்பாட்டுப் பேனலுக்கு முன்னால் இருக்கும்போது உலையின் சூடும் அழுத்தமும் என் கண்ணுக்கு முன்னால் அளவு காட்டும் ஊசி ஊசியாய் நிற்கும். இந்த நாட்டுக்கு வந்த பிறகு, என்னிடம் ஒன்றை நம்பிக் கொடுத்தார்கள் என்று எனக்குப் பட்டது அங்கேதான்.

பயமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் தண்ணீருக்கு இல்லை. கீழே போனால் ஏறக்குறைய மூன்று மாதம் நான் ஒரு சொல்லும் வெளியே அனுப்ப ஏலாது. நீங்கள் கிழமைக்கு ஒருதரம் நாற்பது சொல் அனுப்பலாம். இங்கிலீஷில் மட்டும். கரையிலுள்ள நேவிக் கந்தோரில் ஒருவர் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். நோய், சாவு, சண்டை ஒன்றும் எழுதக்கூடாது. மறைமுகமாயும் கூடாது. கீழே இருக்கிறவர்கள் அந்த நாற்பது சொல்லை எப்படி வாசிப்பார்கள் என்று நான் பயிற்சிக்குப் போனபோது பார்த்தேன். கமாவைக்கூட விடமாட்டார்கள். எனக்குப் பயம் அதற்குத்தான்.

வருகிற சனிக்கிழமை வருகிறேன். அம்மாவிடம் நானே சொல்கிறேன். அதுவரை வாயைத் திறக்காதீர்கள், ப்ளீஸ்.

தம்பி
சஞ்சயன்

பிளேஸ்டோ
13.03.2007

சஞ்சயனுக்கு,

வந்தாய், சொன்னாய், அடுத்த நாளே ரெயில் ஏறிப் போனாய். அம்மா அழவில்லை என்று நிம்மதியாய் இருந்திருப்பாய். நீ போனதும் டிவிக்கு மேலிருந்த படத்தை எடுத்து, துடைத்து, அலமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். உன் அத்தான் "ஏன் மாமி?" என்று கேட்டதற்கு, "அது அவன்ரை கப்பல் இல்லையே தம்பி" என்றார்.

அவர் உன்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். உன் தட்டில் இடியப்பத்தை வைத்தபடி, "நீ கீழ இருக்கேக்கை நான் செத்தால் ஆர் தம்பி பட்டனை அமத்துறது?"

அப்பாவுக்கு நீ அமத்தினாய். பதினெட்டு வயதில், மொட்டைத் தலையோடு, குளிரில் நடுங்கிக்கொண்டு. ஊரில் கொள்ளி வைப்பது, இங்கே சுடலைக்காரன் காட்டுகிற பட்டனை அமத்துவது. பெட்டி உள்ளே போனது. வெளியே வந்து காரில் ஏறும்போது அம்மா என் காதில் சொன்னது இது: "எனக்கும் இவன் இருக்கிறான்." மனுசி அந்த ஒரு தைரியத்தில்தான் இந்தக் குளிர் ஊரில் இருக்கிறார். அவர் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய்? "உங்களுக்கு ஒண்டும் நடக்காது அம்மா" என்று சொல்லிவிட்டுச் சம்பல் கேட்டாய்.

பிறகு ஸ்டேசன் வாசலில் எனக்குச் சொன்னாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. போகும் முன் உங்களைக் கேட்பார்களாம், வீட்டில் சாவு நடந்தால் கீழேயே சொல்லவா, கரைக்கு வந்த பிறகு சொல்லவா என்று. நீ 'கீழே சொல்லவேண்டாம்' என்று சொல்லிவிட்டாயாம். நான் பேசின பேச்சில் டிக்கெட் பார்க்கிறவனே திரும்பிப் பார்த்தான். பார்க்கட்டும். நாங்கள் இங்கே மனுசியை எரித்து, எட்டாம் நாள் எட்டுச் செலவு செய்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடித்திருப்போம். நீ ஒன்றும் தெரியாமல் வெள்ளிக்கிழமையில் மீன் தின்றுவிட்டு, சிரித்துக்கொண்டு எங்கள் வாசற்படியில் வந்து நிற்பாய். கதவைத் திறக்கப்போகிறவள் நான். நான் எந்த வாயால் உனக்குச் சொல்வது? அதை யோசித்தாயா நீ?

தயாளினி

ஃபாஸ்லேன்
20.05.2007

அக்கா,

இரண்டு மாதமாய் நான் எழுதாதது கோபத்தில்தான். மறைக்கவில்லை.

'சொல்லவேண்டாம்' என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அறிந்தாலும் கப்பல் திரும்பாது. எனக்காக ஒரு மணி நேரம்கூட மேலே வராது. அறிந்துகொண்டு அந்த இரும்புக்குள் அத்தனை கிழமை நான் என்ன செய்வது? என் கை பேனலில் இருக்கிறது அக்கா. என் கை நடுங்கினால் எனக்கு மட்டும் இல்லை ஆபத்து. மேலே ஓடும் கப்பலில் அழுகிறவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்னொருவனை ஹெலிகொப்டரில் இறக்கலாம். எங்களுக்கு அது ஏலாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த வித்தியாசம் இதுதான். வானமும் ஈமெயிலும் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அம்மாவின் ஒப்பரேசன் ஜூலை நடுப்பகுதியில் என்று போன கிழமை அனுப்பிய துண்டில் எழுதியிருந்தீர்கள். அது முடிந்ததைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள். எழுதினாலும் வெட்டிவிடுவார்கள். மழை, வெயில், அத்தானின் ஷிப்ட், இப்படி ஏதாவது எழுதுங்கள். ஆனால் ஒரு கிழமையும் விடாதீர்கள்.

எப்போது போகிறோம் என்று சொல்லக்கூடாது. இனிப் போன் வராவிட்டால் போய்விட்டேன் என்று நினையுங்கள். அம்மாவின் கையில் கொஞ்சம் திருநீறு வாங்கி இதே விலாசத்துக்கு அனுப்புங்கள். கெதியாய் அனுப்புங்கள்.

சஞ்சயன்

கடலுக்குக் கீழே
22.07.2007

அக்கா,

இதைத் தபாலில் போட ஏலாது. எழுதாமல் இருக்கவும் ஏலவில்லை. படுக்கையில் திரையை இழுத்துவிட்டு, முழங்காலில் வைத்து எழுதுகிறேன்.

இன்று உங்களுடைய செய்தி வந்தது. நீங்கள் இங்கிலீஷில் எழுதியது தமிழில் இப்படி வரும்: "எல்லோரும் சுகம். மழை விடவேயில்லை. அத்தானுக்குப் புது ஷிப்ட். இந்த முறை கோயில் திருவிழாவுக்கு நாங்கள் ஒருவரும் போகவில்லை, வீட்டிலேயே இருந்தோம். அம்மா சுகம், உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்."

மனோர் பார்க் முருகன் கோயில் திருவிழாவுக்கு அம்மா போகாத வருசம் எது? அப்பா செத்த வருசம் ஒன்றுதான். காய்ச்சலோடும் போனார். இடுப்பை நிமிர்த்த முடியாத நாரிப்பிடிப்போடும் போனார். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள். அவருடைய பெயருக்கு அர்ச்சனை செய்யவென்றே வேலைக்கு லீவு போட்டுப் போயிருப்பீர்கள். ஒருவருமே போகவில்லை என்றால், துடக்கு, வீட்டில் தீட்டு. கந்தோரில் இருந்து வாசிக்கிற வெள்ளைக்காரனுக்கு அது ஒரு சாதாரண வசனம். எங்கள் ஆட்களில் யாரிடம் காட்டினாலும் 'ஆர் மோசம் போனது?' என்றுதான் முதலில் கேட்பார்கள். ஒப்பரேசன் போன கிழமை.

நீங்கள் எனக்குச் சொல்லிவிட்டீர்கள். சொல்லாமல் இருக்க உங்களால் ஏலாது என்று எனக்குத் தெரியும். 'அம்மா சுகம்' என்று சேர்க்காவிட்டால் விடமாட்டார்கள், அதனால் சேர்த்திருக்கிறீர்கள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பேனலில் என் முறை. போகவேண்டும்.

30.07.2007

இந்தக் கிழமைச் செய்தி: "அம்மா நல்ல சுகம். நன்றாய்ச் சாப்பிடுகிறார்."

அம்மா எப்போது அக்கா நன்றாய்ச் சாப்பிட்டார்? எங்கள் எல்லோருக்கும் போட்டுவிட்டுச் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற மனுசி. நீங்கள் கூட்டி எழுதியிருக்கிறீர்கள். கந்தோரில் உள்ளவர்கள் இருத்திச் சொல்லியிருப்பார்கள், வழமை மாதிரி எழுதுங்கள், அவனுக்குத் தெரியக்கூடாது என்று. 'சுகம்' என்று நீங்கள் எழுத எழுத எனக்கு நெஞ்சு இன்னும் பதறுகிறது.

கப்பல் தலைவரிடம் போய்க் கேட்டேன். எனக்கு ஏதும் செய்தி வைத்திருக்கிறீர்களா என்று. நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு இருக்கச் சொன்னார். "சொல்லவேண்டாம் என்றவர்களுக்கு நான் ஆம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை" என்றார். "இன்றைக்கு உனக்கு இல்லை என்று சொன்னால், நாளைக்கு வேறொருவன் வந்து கேட்கும்போது நான் பேசாமல் இருக்க, அவன் விளங்கிக்கொள்வான்." அது நியாயம்தான். ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன விதத்தில், இருக்கிறது என்றுதான் எனக்குப் பட்டது.

நேற்று மொட்டை அடித்தேன். பக்கத்துக் கட்டில்காரன் மெஷினைப் பிடித்தான். இங்கே பொழுது போகாமல் பலர் அடிப்பார்கள், ஒருவரும் காரணம் கேட்கவில்லை. அழுவதற்கு இடமில்லை அக்கா. குளிக்கும் இடத்தில் தண்ணீரைக் கொஞ்ச நேரம்தான் திறக்கலாம். அதற்குள் அழுது முடிக்கவேண்டும்.

பேனலுக்கு முன்னால் இருக்கும்போது வேறு பயம். அம்மாவை நினைத்து ஊசியைத் தவறவிட்டுவிடுவேன் என்று பயம். ஊசியைப் பார்த்து அம்மாவை மறந்துவிடுவேன் என்றும் பயம். பயிற்சிக்கு மணி அடித்தாலும் உடம்பு தூக்கிப்போடுகிறது. வெளியே காட்டினால் இருக்கையில் இருந்து எழுப்பிவிடுவார்கள். எழுப்பிவிட்டால் கட்டிலில் படுத்து மேலே உள்ள இரும்பைத்தான் பார்க்கவேண்டும். காட்டவில்லை.

21.08.2007

செய்தி வந்த நாளிலிருந்து எண்ணினேன். இன்று அந்தியேட்டி.

ஐயர் இல்லை, எள் இல்லை, கடல் மட்டும் தாராளம். சமையல்காரனிடம் தகரத்தில் அடைத்த பாற்சோறு இருந்தது. வெள்ளைக்காரர் இனிப்பாய்ச் சாப்பிடுவது. ஒரு தகரம் கேட்டு வாங்கினேன். அம்மாவுக்குப் பிடித்த வெறுந்தேத்தண்ணி ஒரு கோப்பை. நீங்கள் அனுப்பிய திருநீறு. கட்டிலின் தட்டில் படைத்துவிட்டுக் கும்பிட்டேன். தேவாரம் பாதியில் மறந்துபோனது. பிறகு அந்தப் பாற்சோற்றை நானே சாப்பிட்டேன். இத்தனை நாளும் மீன், இறைச்சி தொடவில்லை.

பட்டனை யார் அமத்தியது என்று தெரியாது. அத்தானாய் இருக்கலாம். கிருஷாந்த் பறந்து வந்திருக்கலாம், அவனுடைய கப்பலில் விடுவார்கள். என் அம்மாவுக்கு அவன்.

மேலே வந்ததும் மாற்றம் கேட்கப்போகிறேன். உலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு இருக்கிறேன்.

02.09.2007

நாளைக்குக் கரை. வழமை என்னவென்றால், செய்தி உள்ளவர்களைக் கடைசி நாளில் ஒவ்வொருவராய்க் கூப்பிட்டுச் சொல்வார்கள். காலையிலிருந்து காத்திருந்தேன். இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒருவன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். என்னைக் கூப்பிடவில்லை. மறந்துவிட்டார்கள் என்று நினைத்து நானே போய்த் தட்டினேன்.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்போது சொல்லலாம். உனக்கு ஒன்றுமே இல்லை. அன்றைக்கும் இருக்கவில்லை" என்றார்.

அக்கா, அம்மா உயிரோடா இருக்கிறார்? அப்படியென்றால் ஏன் ஒருவரும் கோயிலுக்குப் போகவில்லை? போன் எடுக்கப் பயமாய் இருக்கிறது. யார் எடுப்பார்களோ என்று பயம். இதைத் தபாலில் போடுகிறேன். உடனே பதில் எழுதுங்கள்.

சஞ்சயன்

பிளேஸ்டோ
06.09.2007

என் தம்பிக்கு,

அம்மா இருக்கிறார். இருக்கிறார், இருக்கிறார். இப்போது குசினியில் நின்று, உப்புப் போடாத கறியைச் சமைத்துவிட்டு டொக்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உன் கடிதத்தை வேலையில் வைத்து வாசித்துவிட்டு, பல்லுக்கு வந்த சனத்துக்கு முன்னால் அழுதேன். அவர்கள் பல் வலி என்று நினைத்தார்கள்.

முட்டாளே! உன் அத்தானின் தம்பிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளை பெத்த துடக்கு. முப்பத்தொன்று கழியாமல் எங்கள் வீட்டில் யார் கோயிலுக்குப் போவது? அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில். நாங்கள் இரண்டு பேரும் துடக்கில். அர்ச்சனைக்கு ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் பக்கத்துத் தெரு ஜெயகௌரியைக் காலைப் பிடித்து அனுப்பினேன்.

நான் முதலில் முழுக்கத்தான் எழுதினேன். பிள்ளை பிறந்தது, மூன்று கிலோ, பெயர் துஷ்யா, அதனால் கோயில் இல்லை. சொல் கூடிப்போய்விட்டது என்று கந்தோரிலிருந்து போன் வந்தது, குறைக்கச் சொல்லி. எதைக் குறைப்பது? உனக்குத் தெரியாத பிள்ளைதானே என்று அதை வெட்டினேன். கோயிலை விட்டுவைத்தேன், உனக்கு ஊர்ப் புதினமாய் இருக்கட்டும் என்று. கடவுளே, வெட்டினதில் வினை இருக்குமென்று யார் கண்டது.

ஒன்று சொல்கிறேன், கேள். உயிரோடு இருக்கிறவருக்கு அந்தியேட்டி செய்த கதை அம்மாவின் காதுக்குப் போகக்கூடாது. வால்வு புதிது, மனுசி பழசு. இது ஏதும் அபசகுனமோ என்று கோயில் ஐயரிடம் கேட்கப் போனேன். வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். மொட்டையோடு வராதே. மயிர் வளரட்டும்.

போன் எடு. மணி அடித்தால் அவர்தான் எடுப்பார்.

அக்கா

ஃபாஸ்லேன்
14.09.2007

அக்கா,

எடுத்தேன். "ஆர்?" என்றார். "ஆர் எண்டு கேக்கிறன், கதையுங்கோவன்" என்று ஏசினார். அந்த ஏச்சைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

மயிர் வளரும்வரை பொறுக்க என்னால் ஏலாது. தொப்பியோடு வருகிறேன், அடுத்த வெள்ளி. மாற்றத்துக்குக் கேட்டிருக்கிறேன். மேலே ஓடும் கப்பல். அதிகாரி இரண்டுதரம் யோசிக்கச் சொன்னார், மாத முடிவில் பதில் சொல்லவேண்டும். உலையைக் கைவிட்டுவிட்டு மூன்று மாதம் கழித்து வருந்துவாய் என்றார். வருந்துவேன்தான். ஆனால் அந்தச் செய்தி வந்த நாளை இன்னொருதரம் என்னால் தாங்க ஏலாது.

சஞ்சயன்

பிளேஸ்டோ
25.09.2007

அன்புள்ள சஞ்சுவுக்கு,

நீ நினைத்தாய், தொப்பியை வீட்டுக்குள்ளும் போட்டுக்கொண்டு திரிந்தால் அம்மா விட்டுவிடுவார் என்று. கழற்றிப் பார்த்துவிட்டு "ஆருக்கடா மொட்டை?" என்று கேட்டபோது, "கீழ சரியான வெக்கை அம்மா" என்றாய். அவரும் நல்லெண்ணெய் எடுத்து வந்து தடவிவிட்டார். நாங்கள் தப்பினோம் என்று நினைத்தேன்.

நேற்று மருந்து கொடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குத்தானே அடிச்சவன்?"

நான் கையை இழுக்கப் பார்த்தேன். "சொல்லு பிள்ளை. தேப்பன் இல்லாத பெடியன், மிச்சம் இருக்கிறது நான்தானே. இஞ்சை இருந்த மூண்டு நாளும் என்ரை கதிரைக்குக் கீழதான் படுத்தவன். நித்திரையில என்ரை காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தவன்."

பொய் சொல்ல என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கோயில், வெட்டின வசனம், தலைவரின் கதவு, குளிக்குமிடத்து அழுகை. இப்போது மனுசிக்கு நெஞ்சு நிற்கப்போகிறது, ஆம்புலன்ஸுக்கு அடிக்கவேண்டும் என்று போனைக் கையில் எடுத்து வைத்திருந்தேன். தகரப் பாற்சோறு வரைக்கும் வந்ததும், வெட்டுக் காயத்தைக் கையால் அமத்திப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "தகரத்திலையோ! அதுக்குள்ள சீனி கூடவெல்லோ இருக்கும், எனக்குச் சீனி ஆகாதெண்டு அவனுக்குத் தெரியாதோ" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு அது அழுகையாகிவிட்டது. நானும் அழுதேன்.

ஓய்ந்த பிறகு சொன்னார்: "நான் பயந்தது சாவுக்கில்லை பிள்ளை. நான் போன பிறகு அவன் எனக்கு என்ன செய்வானோ, அதைப் பாக்க நான் இருக்கமாட்டனே எண்டுதான். இப்ப எல்லாத்தையும் இருந்து கேட்டிட்டன். மொட்டை அடிச்சு, விரதம் இருந்து, படைச்சு. எந்தத் தாய்க்கு இது கிடைக்கும்? எனக்கு அவன் செய்யவேண்டியதைச் செய்துபோட்டான். அவனை அவன்ரை வேலையை விடச் சொல்லாதை."

"அப்ப பட்டன்?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இத்தனை மாதம் நாங்கள் எல்லோரும் செத்துப் பிழைத்தது அந்தப் பட்டனுக்காகத்தானே!

என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "நீ அமத்து. உனக்குக் கையில்லையோ?" என்றுவிட்டு, மருந்தை விழுங்கினார்.

பெண் பிள்ளை எங்கேயாவது அமத்தியதா, நீயே சொல். அவர் சொல்லிவிட்டார், இனி மாறமாட்டார். இன்று காலை அலமாரியைத் திறந்து அந்தக் கப்பல் படத்தை எடுத்து என்னிடம் தந்து, நீர்மூழ்கிப் படம் ஒன்று வாங்கிப் போடச் சொன்னார்.

அவர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்வது. எனக்குப் பயமாய் இருக்கிறது தம்பி. நேற்றிலிருந்து என் வலது கையைப் பார்க்கிறபோதெல்லாம் பயமாய் இருக்கிறது. உன் அதிகாரியிடம் போய் உலைக்கே திரும்பிப் போகிறேன் என்று சொல்வதென்றால் சொல். நான் மறிக்கமாட்டேன். ஆனால் போகும் முன் உன்னைக் கேட்பார்களே, அப்போது 'சொல்லுங்கோ' என்று சொல். அன்றைக்கு நீ எந்தக் கடலுக்குக் கீழே இருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். தனிய அமத்த எனக்கு ஏலாது.

அக்கா